அபூசாலி கொண்டுவந்த கறி

கடைசி மண்ணும் விழுந்ததும் பவ்ஸான் கபுறின் தலைமாட்டில் குந்தி, ஈர மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினான். கால்மாட்டில் அதையே செய்துகொண்டிருந்தார் அபூசாலி. இப்போது மண்ணுக்குள் போன பவ்ஸானின் வாப்பா மஹ்மூதோடு ஒரு வருடத்துக்கு மேலாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். அவர் வருவாரா மாட்டாரா என்பதுதான் காலையிலிருந்து பவ்ஸானின் யோசனை. அவர் வராவிட்டால் பாதி ஊரும் வராது. வந்தார். வந்ததோடு நில்லாமல் கபுறுக்குள் இறங்கி, வாப்பாவைத் தாங்கிக் கிடத்தியதும் அவர்தான்.

சண்டை உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவையால் வந்தது. வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள்.

புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் உப்பளத்து ஓரம் வலை விரித்து உள்ளான் பிடிப்பதில் மஹ்மூதை மிஞ்ச ஆளில்லை. பிடித்து அறுத்து, மிளகை அள்ளிப் போட்டு அவரே சமைப்பார். அக்கம்பக்கத்து முகாம்காரர்கள் கோப்பையோடு வந்து நிற்பார்கள். யுத்தம் முடிந்து அரிப்புப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிய முதல் மாரியில், பறவை பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த சிலர் பழைய பைனாக்குலர் ஒன்றை அவரிடம் விட்டுப் போனார்கள். ஆள் கெட்டுப்போனது அன்றிலிருந்துதான் என்பது ஊரின் தீர்ப்பு. அதுவரை எல்லாமே உள்ளானாக இருந்தவை அதற்குப் பிறகு பவளக்காலி, கல்திருப்பி, நண்டுதின்னி என்று ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொண்டன. கடல் வற்றிய சேற்றில் மகள் ஸஹ்றாவும் அவரும் நாளெல்லாம் நின்றார்கள். பவ்ஸானையும் கூட்டிப் போய் அவன் கண்ணில் அந்தக் கண்ணாடியை அழுத்திக் காட்டிப் பார்த்தார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணிறத்தில் ஏதோ ஓடியதுதான்.

பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விடியற்காலையில் போய் நின்று வலைக்காரரை விரட்டத் தொடங்கினார்.

"நாம இருபது வருஷமா புத்தளத்தில இருந்து இஞ்ச வர ஏலாமக் கிடந்தம். இதுகள் பனிநாட்டில இருந்து வருசம் தவறாம வந்திருக்கு. வந்ததைப் பிடிச்சுத் தின்னவா?" என்று பள்ளிவாசல் வாசலில் வைத்துக் கேட்டார். தின்னக் கற்றுக்கொடுத்ததே இவர்தானே என்று ஊர் சிரித்தது. அபூசாலியின் வலையைக் கத்தியால் கிழித்த அன்று சிரிப்பு நின்றது. அதோடு பவ்ஸானுக்கு அபூசாலியின் மீன்பிடி வள்ளத்தில் மட்டுமில்லை, எந்த வள்ளத்திலும் இடமில்லாமல் போனது. கடற்கரையில் பிறந்தவன் முருங்கனுக்கு பஸ் ஏறிப்போய்ச் சீமெந்து குழைத்தான். வாப்பாமேல் அவனுக்கு இருந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். இந்த ஆளின் மகன் என்று நாலு பேர் முன்னால் நிற்க வெட்கம்.

மையவாடியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பாய் விரித்திருந்தது. மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அபூசாலியின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே பருப்பும் கறுத்த இறைச்சிக் கறியும் போட்டிருந்தார்கள். ஒரே சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். அபூசாலி பவ்ஸானுக்குப் பக்கத்தில்.

"சாப்பிடுங்க மகன். வாப்பாவ நெனச்சுச் சமைச்சது" என்று கறித்துண்டு ஒன்றைத் தன் கையாலேயே பிய்த்து அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் இறங்காத வயிறு. அள்ளி வாயில் வைத்தான். ஈர்க்கு மாதிரி ஓர் எலும்பு பல்லில் பட்டது. மிளகுக் காரத்துக்கு அடியில் மெல்லிய சேற்று வாடை.

வாப்பா எத்தனை தடவை காட்டியும் கண்ணுக்குப் பிடிபடாதது, வாய்க்கு உடனே பிடிபட்டது. உள்ளான்.

"புத்தளத்தில எனக்கு அண்ணன் மாதிரி இருந்த மஹ்மூது காக்காதான் இந்தப் பக்குவத்தைக் காட்டித் தந்தவர்" என்றார் அபூசாலி. "அவர்ட கை எனக்கு வராது. இண்டைக்கு விடிய வலை போட்டம். வெரட்ட ஆள் வரல்ல. வலையத் தூக்கக்குள்ளயே எனக்கு நெஞ்சு அடிச்சது, காக்காக்கு என்னவோ எண்டு. கொஞ்ச நேரத்தில பள்ளியில அறிவிச்சாங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். குத்திக்காட்டக் கொண்டுவந்த கறி இல்லை அது. தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை அந்த மனுஷன் கொண்டுவந்திருக்கிறார். அது விளங்கியதால்தான் பவ்ஸானால் எழும்ப முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லோடு கபுறில் இறங்கிய கைகளும் விலகிவிடும்.

"மூணாம் நாள் கத்தம் ஓதி முடிய நம்மட வள்ளத்துக்கு வாங்க மகன்."

"ஓம் மாமா. வாறன்."

அடுத்த துண்டும் அவன் பக்கம் வந்தது. தின்றான். அது ருசித்ததுதான் கொடுமை. நாக்கு வெட்கம் கெட்டது. சின்ன வயதில் வாப்பா மடியில் வைத்து ஊட்டிய அதே ருசிக்கு அது ஆசையோடு போனது. எலும்பை உறிஞ்சிய சத்தம் அவன் காதிலேயே விழுந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் தங்கை ஸஹ்றாவின் குரல் கேட்டது. பெண்களுக்கு வேறு சஹன் உள்ளே போயிருந்தது.

"நானா, இது என்ன கறி?"

பவ்ஸான் நிமிரவில்லை.

"கோழி" என்றான்.

அபூசாலி அவனைத் திரும்பிப் பார்த்தார். மறைக்க வேண்டிய கறி என்று அந்த மனுஷனுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. பிசைந்த கை பிசைந்தபடி சோற்றில் நின்றது. பிறகு அவர் பருப்பும் சோறும் மட்டும் அள்ளினார். அவசர அவசரமாகச் சாப்பாடு முடிந்தது. ஸலாம் சொல்லிவிட்டுப் போகும்போது வள்ளத்தைப் பற்றி அவர் மறுபடி எதுவும் சொல்லவில்லை.

ஆட்கள் போன பிறகும் பவ்ஸான் எச்சில் கையோடு பாயிலேயே இருந்தான். ஸஹ்றா தண்ணீர்ச் செம்பும் கை கழுவும் படிக்கமும் கொண்டுவந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உம்மா சாப்பிட்டாவா?"

"ஓம். வாப்பா போய் இத்தாவில இருக்கிற மனுசி, எண்டாலும் ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டா. நல்ல ருசியாம்."

"நீ?"

அவள் படிக்கத்தை அவன் முன்னால் வைத்துக் குனிந்தாள்.

"என்ன கறி எண்டு உம்மா கேட்டா" என்றாள். "நானும் கோழி எண்டுதான் சொன்னன்."

அவன் கையை நீட்டினான். அவள் ஊற்றினாள். தண்ணீரில் மஞ்சள் எண்ணெய் மிதந்தது. கை சுத்தமாகிவிட்டது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவனும் கையை எடுக்காமல் செம்பு வெறுமையாகும்வரை நீட்டிக்கொண்டே இருந்தான்.