ஏரிப் பக்கத்துச் சுவர்

மெர்வி தன் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், கதவைத் தொட்டபோது கதவு திறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு மஞ்சள் அட்டை எழும்பி நின்றது. உள்ளே போக இரண்டு யூரோ, மாதம் முழுவதற்கும் என்றால் பதினைந்து. அடியில் பொடி எழுத்தில், 'உரிமையாளர்: உல்பு'. திரையில், இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனியில் நின்ற அவளுடைய உருவம் காலை மாற்றி மாற்றி வைத்தது. அதை ஆட்டிவைக்கும் மெர்வி, குவோப்பியோ நகரத்தில் மூன்றாம் மாடிச் சமையலறையில், ஆஸ்பத்திரி சலவைக்கூட வேலையிலிருந்து வந்த உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் கதவைத் தொட்டாள். அட்டை மறுபடியும் எழும்பியது, முதல் தடவை பார்ப்பவரிடம் சிரிப்பது போலவே.

முற்றம் என்ற அந்தக் கணினி விளையாட்டில் ஜெயிப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு தெரு, தெருமுனையில் ஓர் ஏரி. அந்த ஆளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும். பாத்திரம் கழுவாமல் போட்டால் ஈ மொய்க்கும். மூன்று நாள் யாரோடும் பேசாவிட்டால் முகம் வாடிப்போகும். தம்பெரே நகரத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்தது. விவாகரத்து முடிந்த வருஷம் மெர்வி அதில் நுழைந்தாள். நிஜத்தில் மூன்று நாள் பேசாமல் இருந்தால் வாடுகிற முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். தட்டுகிறவர் சில சமயம் கணினி உண்டாக்கிய தபால்காரராக இருப்பார், சில சமயம் வேறோர் ஊரில் இவளைப் போலவே சமையலறையில் உட்கார்ந்திருக்கும் நிஜ ஆளாக இருப்பார். இரண்டும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஏரிக்கரையில் நாலு மாதம் பாடுபட்டு அவள் அந்த மரக்கட்டைச் சவுனாவைக் கட்டினாள். பெஞ்சின் உயரம் சரியாக வர ஒன்பது தடவை பிரித்துப் போட்டாள். சூடான கல்லில் தண்ணீர் விழும் அந்தச் சீறலுக்காக, தன் அடுக்குமாடியின் பொதுச் சவுனாவில் வியாழக்கிழமை அவள் முறை வந்தபோது, கைப்பேசியை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போய்ப் பதிவுசெய்தாள். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு தினமும் ஏழு மணிக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. துர்க்குவில் பேருந்து ஓட்டும் ஒருவர், எஸ்தோனியாவிலிருந்து ஒரு நர்ஸ், எதைச் சொன்னாலும் 'ம்ம்' என்று மட்டும் தட்டச்சுகிற ஒருவன். எல்லாருக்கும் முன்னால் வந்து அடுப்பு மூட்டி வைப்பது உல்பு. கயானிப் பக்கம் பலகை ஆலையில் வேலை செய்கிறவள் என்பது தெரியும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

போன வசந்தத்தில் தம்பெரேக்காரர்கள் முற்றத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய நிறுவனம் அதை உலகச் சந்தை ஆக்கப்போவதாகப் படம் எடுத்துக் காட்டியது. முதலில் பசி போயிற்று. அப்புறம் தூக்கம். தூங்குகிறவன் எதையும் வாங்கமாட்டான் இல்லையா? ஒருநாள் காலையில் தபால்காரரைக் காணோம். அவர் வீட்டில் செருப்புக்கடை திறந்திருந்தது. பிறகு எல்லாருக்கும் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் செய்த பொருளை முப்பது நாளுக்குள் பெயரும் விலையும் போட்டுப் பதியுங்கள். தவறினால் யார் முதலில் பதிகிறாரோ அவருக்கே. மெர்வி தினமும் அந்தப் படிவத்தைத் திறந்தாள், மூடினாள். கெடு முடிந்த பிறகு பத்து நாள் முற்றத்தின் பக்கமே போகவில்லை. வேலையில் போர்வைகளைத் தப்பாக மடித்தாள். வீட்டில் ஒரு கோப்பைக் காப்பியை முழுதாகக் குடித்து முடிக்க முடியவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஏழு மணி, தாங்கமாட்டாமல் வந்தால் இந்த அட்டை.

மெர்வி எழுந்து, நின்றபடியே உல்புவுக்கு எழுதினாள். 'நாளைக்கு மத்தியான ரயில்ல வர்றேன்.'

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'எத்தனை மணிக்கு வந்து சேரும்? ஸ்டேஷன்ல நிக்கிறேன்.'

அதுதான் மெர்வியை இன்னும் எரிச்சல்படுத்தியது. மறுப்பாள், மழுப்புவாள், அப்போது என்னென்ன கேட்கலாம் என்று தயாராக இருந்தாள். கதவில் தோளை வைத்து மோதப் போனவளுக்குக் கதவு திறந்தே கிடந்தது.

ரயிலில் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை உணவுப்பெட்டிக்கு நடந்தாள், எதுவும் வாங்காமல் திரும்பினாள். உறைந்த ஏரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முதல் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு மாதிரி மாறியது. கயானியில் இறங்கியபோது அவளிடம் எந்த வாக்கியமும் மிச்சமில்லை.

விளையாட்டுக்குள் உல்பு நெட்டையானவள், இடுப்புவரை செம்பட்டைப் பின்னல். நடைமேடையில் நின்றவள் மெர்வியின் தோளுக்குத்தான் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி, ஆலைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டை. அதன் முதுகில் ஆலையின் பெயர் இருந்த இடத்தில் நூல்பிசிறு மட்டும் தொங்கியது.

"நீதானா?" என்றாள் மெர்வி.

"நான்தான். இன்னும் உயரமா எதிர்பார்த்தியா?"

உல்புவின் வண்டியில் இருபது நிமிஷத்தில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் பிள்ளைகள் வீட்டில் இல்லை. அந்த வாரம் அப்பாவிடம் போயிருந்தார்கள். உல்பு காப்பி ஊற்றி, பட்டை போட்ட பன்னைத் தட்டில் வைத்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளையும் வைத்தாள்.

"வர்ற காசுல பாதி உனக்கு. எல்லாம் எழுதி வச்சிட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"நான் காசு கேட்டு வரலை."

"பின்ன எதுக்கு வந்தே?"

மெர்வி பன்னைப் பிய்த்தாள், வாயில் வைக்காமல் தட்டிலேயே போட்டாள். நூறு மைல் கொண்டுவந்த கோபத்தை அடக்க அந்தச் சாதாரணக் கேள்வி போதுமாக இருந்தது.

"ரெண்டு மணிக்கே அடுப்பு மூட்டிட்டேன்," என்று எழுந்தாள் உல்பு. "திட்டறதா இருந்தா சவுனால வச்சுத் திட்டு."

அது தந்திரம் என்று மெர்விக்குத் தெரிந்தது. சவுனாவில் குரலை உயர்த்தக் கூடாது என்பது அந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் மூட்டிய சவுனாவை வேண்டாம் என்று சொல்லும் பழக்கமும் அவளுக்கு இல்லை.

அம்மணமாக, மேல்பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மெர்வி அகப்பையை எடுத்து அடுப்புக் கல்லில் ஒரு முறை தண்ணீர் ஊற்றினாள். கல் சீறியது. ஆவி கூரையில் மோதி இறங்கி இருவர் தோளிலும் உட்கார்ந்தது.

"முப்பது நாளும் உனக்கு எழுதினேன்," என்றாள் உல்பு, கோயிலில் பேசுகிற குரலில். "பதிஞ்சிட்டியா, பதிஞ்சிட்டியான்னு. பாக்கலாம்னே."

"அதனால எடுத்துக்கிட்டியா?"

"கடைசி நாள் எவனோ ஒருத்தன் வந்து உள்ள அளவெடுத்துக்கிட்டிருந்தான். பெஞ்சு, அடுப்பு, ஜன்னல், ஒண்ணு விடலை. அவன் பேருக்குப் போயிருந்தா நல்லா இருந்திருக்குமா? உனக்குத் திருப்பிக் குடுக்கத்தான் பதிஞ்சேன்."

"குடுக்கலையே."

உல்பு அகப்பையை வாங்கி இரண்டு ஊற்றினாள். "மறுநாளே எங்க வீட்டுக்கும் இதே மாதிரி வேணும்னு இருநூறு பேர் நகல் வாங்கிட்டாங்க. ஆலைல என்னை நிறுத்தி அஞ்சு மாசம்..." அதை முடிக்கவில்லை. "தினமும் உனக்கு எழுத உட்காருவேன். 'மெர்வி'ன்னு அடிச்சுட்டு அழிச்சிருவேன்."

மெர்வியின் காதுமடல் எரிந்தது. கீழ்ப்பெஞ்சுக்கு இறங்கியிருக்கலாம். இறங்கினால் தோற்றது மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அகப்பையைப் பிடுங்கி ஒன்று ஊற்றினாள்.

"நான் ஏன் பதியலைன்னு கேளு. விலை கேட்டுச்சு. பூஜ்யம் போட்டா வாங்கலை. ஒருநாள் சும்மா அஞ்சுன்னு போட்டுப் பாத்தேன். போட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, உல்பு. பயந்து மூடிட்டேன்."

உல்பு திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாத கண்கள் சின்னதாகத் தெரிந்தன. "அப்ப நீயும்தான்."

"நானும்தான். ஆனா நான் அழுத்தலை."

"அழுத்தாம விட்டது அவ்வளவு பெரிய யோக்கியதையா?"

மெர்வி மூன்று அகப்பை ஊற்றினாள், ஒன்றன்மேல் ஒன்றாக, வாளியின் அடி தட்டும்வரை. மூக்கால் மூச்சிழுக்க முடியவில்லை. பக்கத்தில் உல்பு முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஒருத்தி போகட்டும் என்று மற்றவள் காத்திருந்து, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். குறுகலான கதவில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டது. ஒரு கணம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "தள்ளுடி!" என்று கத்தியது யாரென்று இருவருக்குமே தெரியவில்லை.

வெளியே பனியில் நின்றபோது உடம்பிலிருந்து நீராவி கிளம்பியது. உல்பு ஒரு கைப் பனியை அள்ளிக் கழுத்தில் தேய்த்துக்கொண்டாள்.

"முதல் வாரம் நம்ம ஆளுங்க காசு குடுத்தும் வந்தாங்க," என்றாள். "நான் உள்ள போனதும் பேச்சு நின்னுரும். அந்த ம்ம்காரன்கூட ம்ம் சொல்றதில்லை. இப்ப யாருமே வர்றதில்லை."

மெர்விக்கு அப்போதுதான் தான் எதற்காக வந்தோம் என்பது விளங்கியது. ரயிலில் தேடிக் கிடைக்காத வாக்கியம், குளிரில் பல் அடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

"ஏழு மணிக்கு முற்றத்துக்குள்ள போய், நம்ம ஆளுங்களைத் தேடி, என்ன பண்ணினேன்னு அவங்ககிட்ட நீயே சொல்லு. என் பேரை இழுக்காதே. அப்புறம் அந்தத் தாளைப் பத்திப் பேசலாம்."

உல்பு பனியைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "முக்கால் பங்கு எடுத்துக்கோ. இதை மட்டும் கேக்காதே."

"முழுசாக் குடுத்தாலும் இதுதான்."

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் மடிக்கணினி சமையலறை மேசைக்கு வந்தது. இருவர் தலையிலும் ஈரத் துண்டு. உல்புவின் நெட்டை உருவம் அட்டை எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனது. பெஞ்சில் நாலு பேர் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இருப்பதாகக் காட்ட நிறுவனம் உட்காரவைத்த பொம்மைகள். அடுப்பு சீறியது. அது குவோப்பியோ அடுக்குமாடியின் சீறல்.

"பாத்தியா? யாருமில்லை." உல்புவின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "யார்கிட்டச் சொல்ல?"

மெர்வி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். சுட்டியை இழுத்து உருவத்தை வெளியே நடத்தினாள். விறகுக் குவியல், வலப்பக்க ஜன்னல். தெருவில் யாருமில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தவள், கை நிற்காமல், கட்டடத்தைச் சுற்றி ஏரிப் பக்கம் போனாள்.

அங்கே, ஜன்னலோ கதவோ இல்லாத பின்சுவரில், பதினொரு பேர் துண்டோடு வரிசையாக முதுகைச் சாய்த்து நின்றிருந்தார்கள். பசியைத் தூக்கி எறிந்த புது முதலாளிகள் குளிரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள், கோட்டு விற்கவேண்டுமே. அடுப்பை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தது மெர்விதான், உள்ளே இடம் போதாமல். மரத்தைத் தாண்டி வெளியே சூடு வரும் என்று அவள் கணக்குப் போட்டதே இல்லை. யாரோ ஒருவர் தற்செயலாக முதுகைச் சாய்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். துர்க்குப் பேருந்துக்காரர் சாலையில் குறுக்கே வந்த காட்டுமானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே வரிகள் ஒவ்வொன்றாக எழும்பி மறைந்தன. 'ம்ம்' என்றது அடுத்த தலை.

"சுவருக்கு விலை போடாம விட்டுட்டேன்," என்றாள் உல்பு மெல்ல. சிரிக்கப் பார்த்தாள்; அது சிரிப்பாக வரவில்லை.

அவளுடைய உருவத்தை அவர்கள் பார்த்துவிட்டார்கள். காட்டுமான் கதை பாதியில் நின்றது. பதினொரு முகமும் திரும்பின. வரி எதுவும் எழும்பவில்லை.

மெர்வி கையை எடுத்துக்கொண்டு கணினியை உல்புவின் பக்கம் நகர்த்தினாள். உல்பு 'நான்' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடியும் 'நான்' என்று அடித்து, இரண்டு விரலையும் எழுத்துக்களின் மேல் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். துண்டிலிருந்து அவிழ்ந்த முடியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. திரையில் எஸ்தோனியா நர்ஸ் மட்டும் சுவரை ஒட்டியபடியே இடப்பக்கமாக ஓர் அடி நகர்ந்தாள். இரண்டு தோளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரிந்தது, பனி உருகிக் கறுத்து ஈரமாக மினுங்கும் மரக்கட்டை.