தூங்கியவர் எழுதிய விமர்சனம்

என் வீட்டுக்காரர் சினிமா விமர்சகர். வாரப் பத்திரிகையில் மூன்று படங்கள், படத்துக்கு நாலு வரி. ஜப்பான், ஈரான், இத்தாலி என்று உலகமே அதற்குள் அடங்கிவிடும். மனுஷரிடம் ஒரே ஒரு குறை: படம் தொடங்கிய பத்தாவது நிமிடம் குறட்டை விடுவார்.

நான் தையல்காரி. ஞாயிறு மதியம் தொடங்கி வீட்டு டிவி முன்னால் மடியில் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, பட்டன் தைத்தபடியே மூன்றையும் பார்த்து முடிப்பேன். எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்பார். "பொண்டாட்டி செத்து மூணு நாளாச்சு, அந்தாளு காலர் கசங்கவே இல்ல. எப்படி நம்புறது?" என்பேன். பத்திரிகையில், "துயரம் நம்பும்படி இல்லை" என்று வரும். பதினோரு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

போன வாரம்தான் வம்பு வந்தது. ஒரு கொரியப் படம். இறந்துபோன மகளின் கோட்டை அம்மா தன் அளவுக்குப் பிரித்துத் தைக்க உட்காருகிறாள், கத்தரி வைக்க மனசு வரவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். அச்சில் பார்த்தால், "மிகையான சோகம். அரை மணி நேரம் குறைத்திருக்கலாம்." தூங்கிய மனுஷருக்கு எந்த அரை மணி நேரமென்று தெரியுமா?

"யாரக் கேட்டு இப்படி எழுதினீங்க?"

"விமர்சகன்னா கொஞ்சம் கறாரா இருக்கணும்ல..."

"அப்ப நீங்களே பாத்து, நீங்களே கறாரா இருங்க. எங்கிட்ட கேக்காதீங்க."

அந்த ஞாயிறு, முதுகு சாய முடியாத ஸ்டூலில் உட்கார்ந்தார். தூக்கத்தை விரட்ட வாயில் கிராம்பு வேறு. முதல் படத்திலேயே சரிந்து என் தோளில் விழுந்தார். நான் எழுப்பவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

திங்கள் பத்து மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் விமர்சனப் பகுதியை நிறுத்திவிடுவதாக ஆசிரியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெள்ளைத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்த கதைகளை விழுங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்று தைத்த இரண்டு சட்டைக் கையும் கோணல்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. படபடப்போடு பிரித்தேன். பகுதி இருந்தது.

"இத்தாலியப் படம்: தூங்கிவிட்டேன். ஜப்பானியப் படம்: தூங்கிவிட்டேன். ஈரானியப் படம்: இதிலும் தூங்கினேன். நடுவில் ஒருமுறை விழித்தபோது என் மனைவியின் ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது. அழுதாலும் கை நிற்காதவள் அவள். கட்டாயம் பாருங்கள். போன வாரக் கொரியப் படத்தையும் நான் பார்க்கவில்லை. பார்த்தவள் அழுதாள். அவள் சொன்னதுதான் சரி."

கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானே ஆரம்பித்தேன்.

"அந்த ஈரான் படத்துல ஒரு கதவு வருதுங்க..."

"இரு, பேனா எடுத்துக்கறேன்."

"பேனா வேணாம். சும்மா கேளுங்க."

ஒன்றேமுக்கால் மணி நேரம் சொன்னேன். மனுஷர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.