மூச்சுக்கு மூணு மார்க்

“உன்னாலதான்டி! தறியில பாவு இழை அறுந்த மாதிரி பாட்டு நடுவுல தொங்குச்சு.”

“நான் இன்னா வேணும்னா பண்ணேன்?”

“அஞ்சே காலுக்கு மணி அடிச்சதும் டப்பா மொத்தத்தையும் வாயில தள்ளிக்கினு ஓடியார. அப்புறம் மூச்சு எங்கேர்ந்து வரும்? உள்ள தயிர் சாதம்தான் இருக்குது!”

பாட்டு அறைக்கு வெளியே வள்ளி டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். கையில் அன்றைக்குப் போட்ட மதிப்பெண் தாள். உள்ளே சண்டை போடுவது திரிஷாவும் நிரஞ்சனாவும். இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பு, பள்ளிப் பாட்டுக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள்.

“பொழுது சாயறதுக்குள்ள சாப்டணும் திரிஷா. இருட்டுனா எங்க வூட்ல யாரும் சாப்ட மாட்டோம், தெரியும்ல? பாட்டு முடிச்சு தென்னேரி போய்ச் சேர ஏழரை ஆவுது.”

“அத மிஸ்ஸாண்ட சொல்லேன்.”

“சொன்னா, ‘பாவம், நீ வூட்டுக்குப் போம்மா’ன்னு பாட்டுலேர்ந்து எடுத்துடுவாங்க. நீயும் வாயத் தொறக்காத.”

வள்ளி தாளைப் பார்த்தார். ஜனவரி போட்டிக்குப் பதினெட்டு பேரில் பன்னிரண்டு பேரைத்தான் அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை பட்டியல் கொடுத்தாக வேண்டும். நிரஞ்சனா: ஸ்ருதி ஒன்பது, உச்சரிப்பு ஒன்பது, மூச்சு மூன்று. பக்கத்தில் சிவப்பு மையில், ‘வீட்டில் பயிற்சி இல்லை.’

அவள் சமணக் குடும்பத்துப் பெண் என்பது வள்ளிக்குத் தெரியாததா? வள்ளியே கோயிலில் பாடப் போகிற நாளில் இரண்டு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்தான். பதினாறு வருஷமாகப் பிள்ளைகளின் மூச்சை எண்ணுகிறார். எப்போது சாப்பிட்டாய் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. 

உள்ளே போகவில்லை. நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். நாலே காலிலிருந்து அஞ்சே கால் வரைக்கும் கணக்கு சிறப்பு வகுப்பு எடுப்பவர் லோகேஸ்வரன் சார்.

“சார், நாளையிலேர்ந்து பாட்டு முதல்ல, கணக்கு அப்புறம். மாத்திக்கலாமா?”

“ஏன் டீச்சர், பாடிக் களைச்சு வந்து என் க்ளாஸ்ல தூங்கறதுக்கா?”

“இப்ப மட்டும் முழிச்சிக்கினா இருக்காங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, காரணத்தையாச்சும் சொல்லுங்க.”

“சாப்ட்டுட்டு கணக்கு போடலாம் சார். பாட முடியாது.”

மறுநாள் நாலே காலுக்குப் பதினெட்டு பேரும் வந்து நின்றார்கள்.

“நேத்து போட்ட மார்க்கு செல்லாது,” என்றார் வள்ளி. “நான் வெச்ச நேரம் தப்பு. எல்லாரும் மறுபடி பாடணும்.”

“ஐயோ மிஸ், எனக்கு எட்டு வந்துச்சே!” என்று அலறினாள் திரிஷா.

நிரஞ்சனா அவளை முறைத்தாள். திரிஷா தொண்டையைக் கிள்ளிக் காட்டி, “சாமி சத்தியமா நான் சொல்லலடி,” என்று முணுமுணுத்தாள்.

நிரஞ்சனாவின் முறை வந்தது. ஸ்ருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, அந்த நீள வரியை எடுத்தாள். நேற்று அறுந்த இடத்தில், தாளம் போட்ட வள்ளியின் விரல் தானாக நின்றது. குரல் நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டி, கடைசி எழுத்து வரைக்கும் போய் இறங்கியது. அதற்குப் பிறகும் கொஞ்சம் மூச்சு மீதி இருந்தது.

“மிச்சத்த எனக்குக் குடுடி!” என்றாள் திரிஷா. அறையே சிரித்தது.

வள்ளி சிவப்பு வரியை அடித்துவிட்டு மூச்சுக்கு ஏழு போட்டார். பத்து இல்லை. மூச்சு இழுக்கும்போது பெண் தோளைத் தூக்குகிறாள். இத்தனை நாள் கண்ணில் படாத நிஜமான குறை அது. அதையே எழுதினார். ஒரு மாதத்தில் சரி செய்துவிடலாம். பன்னிரண்டு பேரில் நிரஞ்சனாவின் பெயர் ஏழாவதாக வந்தது.

அஞ்சே காலுக்கு நிரஞ்சனா டப்பாவைத் திறந்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஊறுகாய் மட்டும் திரிஷாவுக்குப் போனது.

பிள்ளைகளைப் பாட வைத்து மார்க் போடுகிறவர்களே, சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எத்தனை நேரம் விடுகிறீர்கள்? மார்க் போடும் முன் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள்.