கையெழுத்துப் போடாத பங்காளி

கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பதில் குருபரப்பள்ளி எல்லப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. பெரியப்பா மக்கள் பாகம் பிரிக்காத பொதுநிலத்தை மொத்தமாக விற்க வந்தபோது, தன் வயலுக்குப் போய்வரத் தடம் விட்டால்தான் ஆயிற்று என்று கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். கடைசியில் தடம் வந்தது. அன்றிலிருந்து சொத்து விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணத்தோடுதான் மோகன்குமாரின் கம்பெனியில் பங்கு வாங்கினார். தக்காளியை கேமரா வைத்துத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிற புதுக் கம்பெனி. ஓசூரில் ஆபீஸ், குருபரப்பள்ளியில் வாடகைக்கு ஒரு பட்டறை. சாலைக்குப் போன நிலத்தின் பணத்தை எல்லப்பன் அதில் போட்டது லாபத்துக்காக அல்ல, மகள் ரஞ்சிதாவுக்காக. புருஷனை விட்டு வந்து, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தவள், அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சிரித்தாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நடந்தே போய்விடுவாள். இப்போது பட்டறையை நடத்துவதே அவள்தான். அது ஊரைவிட்டுப் போகக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒப்பந்தம் இங்கிலீஷில், தலையணை கனத்துக்கு இருந்தது. வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள் என்றான் மோகன்குமார். எல்லப்பன் தன் பெயர், அப்பா பெயர், பங்கின் அளவு எல்லாம் சரிபார்த்தார். நிலப் பத்திரமென்றால் நான்கு எல்லையையும் பார்க்கலாம். இதில் அது இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பெங்களூர்க் கம்பெனி மொத்தத்தையும் விலைக்குக் கேட்டது. பட்டறையைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோவார்களாம். அன்று ரஞ்சிதா சாப்பிடவில்லை.

"நான் கையெழுத்து போடாம எவன் விக்கறான்னு பாக்கறன். நீ சாப்புடு" என்றார் எல்லப்பன்.

மறுநாள் ஓசூர் ஆபீஸில் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பட்டறை எங்கூர்லயே இருக்கும்னு எழுதிக் குடு தம்பி. அதுவரைக்கும் என் கையெழுத்து கெடைக்காது."

மோகன்குமார் கம்பெனி வக்கீல் ஸ்வாதியைப் பார்த்தான். அவள் ஒப்பந்தத்தைத் திறந்தாள்.

"ஐயா, முக்கால்வாசிப் பங்கு வெச்சிருக்கறவங்க விக்க முடிவு பண்ணா, மீதிப் பேரும் அதே விலைக்கு வித்தாகணும். யாராவது கையெழுத்து போடலன்னா அவங்களுக்குப் பதிலா கம்பெனி டைரக்டரே போடலாம். அந்த அதிகாரத்த நீங்க அப்பவே குடுத்துட்டீங்க."

"பொதுச்சொத்துல ஒருத்தன் ஒத்துக்கலன்னா விக்க முடியாதும்மா."

"நிலத்துல அப்படித்தான் ஐயா. இது வேற."

பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து, கொஞ்சம்கூடக் கோணாமல் இருந்தது. எல்லப்பனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

"பட்டறை ஊர வுட்டுப் போவக்கூடாதுன்னு அன்னிக்கே எழுதச் சொல்லியிருந்தா?"

"எழுதியிருப்பேன் ஐயா" என்றான் மோகன்குமார். "அன்னிக்கு சம்பளம் குடுக்கக்கூட எங்ககிட்ட காசில்ல. உங்க சம்மதம் இல்லாம எடம் மாத்தக்கூடாதுன்னு கேட்டிருந்தா மறுபேச்சு பேசியிருக்க மாட்டேன்."

முடியாது என்று சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பார். நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டுப் போய் பஸ் ஏறினார்.

பணம் இரண்டு மடங்காக வந்தது. டீக்கடையில் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். லாரி வந்த அன்று அவர் பட்டறைக்குப் போனார். இயந்திரங்களைப் பிரித்து ஏற்றுவதை ரஞ்சிதாதான் பார்த்துக்கொண்டிருந்தாள்; முறை அவளுக்குத்தான் தெரியும்.

"போட்டது ரெட்டிப்பாயிடுச்சாமேப்பா."

"அதுக்காகவா போட்டன். நீ இங்க இருக்கணும்னுதான்."

அவள் ஒரு பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"அத யாருகிட்டப்பா சொன்ன?" என்றாள்.

பணம் போட்டபோது அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளிடம்கூட.