முதல் பாரம்

மணல் மூட்டைகளைக் குதிரை துரையின் முதுகிலிருந்து அவிழ்த்து இறக்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கட்டையில் சவுக்குக் காம்பு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டென்றால் அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும். விடாமல் தட்டினால் திட்டுவதற்கு ஆள் வேண்டும். விடாமல்தான் தட்டினார். அவள் மூட்டைகளைச் சுவரோரம் சாய்த்தாள். குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் கட்டைவிரல்களை அழுத்தி, தோளிலிருந்து இடுப்புவரை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் சுளிக்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா குதிரையேற்றப் பள்ளியின் வாத்தியார். ஊரில் பாதிப் பேரைக் குதிரைமேல் உட்கார வைத்தவர், மீதிப் பேரை அந்த ஆசையே வேண்டாமென்று ஓட வைத்தவர். அவரிடம் குதிரை என்றால் தலை வானத்தைப் பார்க்க வேண்டும். கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, அந்தப் பெரிய உடம்பைப் பொத்தென்று சேணத்தில் போடுவார். துரையின் முதுகு குழிந்து குழிந்து, கடைசியில் உள்ளே எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்தது. சேணத்தைக் கண்டாலே கடிக்க வந்தது. திமிர் என்று சொல்லி அடித்தார். கால்நடை டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்து வந்து காட்டிய பிறகும் திமிர் என்றுதான் சொன்னார். பிறகு அவருக்கே வயிற்றில் கட்டி வந்து படுத்துக்கொண்டார். குதிரை அவள் கைக்கு வந்தது.

முதலில் வெறும் நடை. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் முதுகு மேலே எழும்பும்; விஷயம் அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுக்கே ஒரு கோடைகாலம் முழுவதும் பிடித்தது. பிறகு தரையில் கழிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி நடத்தினாள். பிறகு மேட்டில் ஏற்றி இறக்கினாள். கடைசியாகத்தான் மணல் மூட்டை. இதையெல்லாம் அப்பா ஜன்னல் வழியே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்தார். குதிரையை நாய்க்குட்டி மாதிரி கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறாள் என்பது அதில் மென்மையான வசவு.

அறையில் அண்ணனும் இருந்தார். டவுனில் வேலை, லீவு போட்டு வந்திருந்தார். கட்டில் காலடியில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்து ஆள் ஏறணும் இல்ல? யாரை ஏத்தப் போறே?" என்றார் அப்பா.

லேசான ஆளாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முதல் பாரம் மிகவும் லேசாக இருக்க வேண்டும், கனமான ஆள் ஏறினால் இத்தனை மாத உழைப்பும் பாழ் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"நீ ஏறிடாதே பூசணி. உன்னைத் தாங்க குதிரை பத்தாது, பாலம் கட்டணும்."

அண்ணன் சிரித்தார். உடம்பை வைத்து அப்பா அவளைச் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்குப் பழகிவிட்டது, செருப்பில் கல் பழகுகிற மாதிரி.

"என்னை ஏத்து. இந்த வீட்ல என்னைவிட லேசா யாரு இருக்கா?"

அவள் அவரைப் பார்த்தாள். உண்மைதான். போர்வைக்குள் ஆள் இருப்பதே தலையணையில் முகம் இருப்பதால்தான் தெரிந்தது.

"உங்க கையில அதைத் திரும்பக் குடுக்க மாட்டேன்."

"அது என் குதிரை. இன்னிக்கு என்னை ஏத்தலேன்னா, நாளைக்குக் கசாப்பு வண்டி வரும். உங்க அண்ணன்கிட்ட நம்பர் இருக்கு."

அண்ணன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுக்கவில்லை.

அவள் கட்டிலருகே வந்தாள். பிறகு சொன்னாள், கடிவாளம் கிடையாது, சவுக்கு கிடையாது, சேணமும் கிடையாது. முதுகில் போர்வை மட்டும். கயிறு என் கையில்.

"கடிவாளம் இல்லாம உட்கார நான் என்ன பொருட்காட்சிக்கு வந்த புள்ளையா?"

"மூட்டைக்கு எதுக்குப்பா கடிவாளம்?"

அப்பா சவுக்கை ஜன்னல் கட்டையில் நீளவாக்கில் வைத்தார்.

"தூக்குங்கடா" என்றார்.

ஏறுமேடையில் நின்று இருவரும் தூக்கினார்கள். அண்ணன் அப்பாவின் பழைய கனத்தை நினைத்துப் பலமாக இழுத்துவிட்டார். அப்பா சடாரென்று மேலே வந்துவிட, அண்ணன்தான் தடுமாறினார். மேலே யாரென்று துரைக்கு உடனே தெரிந்துவிட்டது. காதுகள் பின்னால் மடிந்தன. தலை உயர்ந்தது, முதுகு பலகையாக இறுகியது. வாய் இழுபடும், விலாவில் குதிகால் இடிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றது. அப்பாவின் கைகள் வழக்கம்போல மேலே எழுந்தன. பிடிக்க ஒன்றுமில்லாமல் பிடரி மயிரில் விழுந்தன. தொடையில் இறுக்குவதற்கு வலு இல்லை. கால்கள் இரண்டும் நனைந்த துணியாகத் தொங்கின.

"நடத்தேன், என்ன வேடிக்கை?"

"அது தலையை இறக்கட்டும். பொறுங்க."

யாருக்காகவும் பொறுக்காத மனிதர் பொறுத்தார். வேறு வழி இல்லை. எதுவும் இடிக்கவில்லை, எதுவும் இழுக்கவில்லை என்று குதிரைக்கு மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. நீளமாக மூச்சு விட்டது. கழுத்து இறங்கியது. அவள் கயிற்றைத் தளர்த்தி நடந்தாள்.

மணல் வட்டத்தை ஒரு தடவை சுற்றினார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். குதிரையின் முதுகு அவருக்குக் கீழே எழும்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. அவரும் அதோடு அசைந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். வசவு வரவில்லை.

மேடையருகே வந்ததும் சொன்னார், "இன்னொரு சுத்து."

"போதும். முதல் நாள் ஒரு சுத்துதான்."

"நான் சொல்றேன் இல்ல?"

"நான்தான் நடத்துறேன். இறங்குங்க."

பிடரியிலிருந்து அவர் விரல்களை அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடத்தியபோது, சுவரைப் பார்த்தபடி, நாளைக்கு ஏற்றுவாயா என்று கேட்டார்.

"நாளைக்கு அதோட முதுகைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"இடது பக்கம் இழுக்குது. நீ நடத்தின லட்சணம்" என்றார்.

அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். சாயங்காலம் லாயத்தைக் கூட்டி முடித்து வந்தபோது அண்ணன் வாசலில் நின்று யாருக்கோ போனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். உயிர் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லையாம். தூங்குகிறார் என்று நினைத்தாராம்.

மறுநாள் காலை வீடு நிறைய செருப்புகள். அப்பாவின் தங்கையான அத்தை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அவளிடம் கேட்டாள்.

"படுக்கையில கிடந்தவனைத் தூக்கி மிருகத்து மேல வெச்சியாமே. எத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்தே?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். தூக்கிய இன்னொரு ஜோடிக் கை அவருடையது. அவர் பெட்டியின் கைப்பிடி ஆணி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சுத்துதான் அத்தை" என்றாள்.

அத்தை அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு நிறைய சொன்னாள். அத்தை முடிப்பதற்குள் அவள் எழுந்து வெளியே வந்தாள்.

வெளி வாசலை மறித்துக்கொண்டு கசாப்பு வண்டி நின்றது. அண்ணன் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, பள்ளியை இனி யார் பார்ப்பது, நீ ஒண்டியாக என்ன செய்வாய், நான் வரச் சொன்ன வண்டி குதிரையை ஒரேயடியாக ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றார்.

"இன்னிக்கேவா?"

"என்னிக்குன்னாலும் நீ இதேதான் கேப்பே."

அவள் லாயத்துக்குப் போனாள். துரையின் முதுகில் கட்டைவிரல்களை ஓட்டினாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னும் அழுத்தினாள். குதிரை வைக்கோலை மென்றுகொண்டே இருந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மணல் வட்டத்துக்குள் விட்டுவிட்டு, வேலியில் சாய்ந்து நின்றாள்.

கசாப்பு வண்டிக்காரரும் கயிற்றுச் சுருளோடு வேலிக்கு வந்தார். துரை மணலை முகர்ந்தது, காலால் கீறியது, முழங்காலை மடக்கிப் படுத்தது. முதுகு கெட்ட நாளிலிருந்து அது ஒரு பக்கமாக மட்டுமே புரளும். பாதியில் வலித்து அப்படியே எழுந்துவிடும். இன்று நான்கு கால்களும் வானத்தில் உதைக்க மறுபக்கம் விழுந்தது. திரும்ப இந்தப் பக்கம் வந்தது. எழுந்து உடம்பை உதறியபோது மணல் வேலிவரை தெறித்தது.

வண்டிக்காரர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கயிற்றை வண்டிக்குள் எறிந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அண்ணன்.

"புரண்டுச்சே சார், பாக்கலையா? நல்ல குதிரையை நான் ஏத்தறதில்ல." வண்டியைப் பின்னால் எடுத்தார். அதற்காகவே காத்திருந்த சவ வண்டி வெளி வாசலுக்கு வந்து நின்றது.

பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தது. அண்ணன் சுற்றிலும் பார்த்தார். அவள் போய் முன்பக்கம் இடது கைப்பிடியைப் பிடித்தாள். அத்தை நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். மணல் வட்டத்தை ஒட்டிய பாதையில் வெளி வாசலை நோக்கி நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் காலை எட்டிப் போட்டார். பின்னாலிருந்தவர்களும் அவசரப்பட்டார்கள்.

அவள் துரையை நடத்தும் வேகத்தில்தான் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் மற்ற மூன்று பேரும் அந்த வேகத்துக்கு இறங்கி வந்தார்கள்.