பொன்மணி கடலுக்குள் போன நாள்

தீபாவளி சீசன் முடிந்ததும் பட்டாசு ஆலை முதலாளி தன் விற்பனை ஏஜெண்டுகளைக் குடும்பத்தோடு எங்காவது சுற்றுலா அனுப்புவார். 2007இல் அந்தமான். கடைசி நேரத்தில் ஓர் ஏஜெண்ட் வர முடியாமல் போக, அந்த டிக்கெட்டுகள் ஏழாயிரம்பண்ணை யூனிட்டின் போர்மேன் மாரிக்கண்ணனுக்கும் அவன் மனைவி பொன்மணிக்கும் கிடைத்தன. அவளும் அதே யூனிட்டில் வெடிக்குத் திரி செருகுகிறவள்.

மூன்றாம் நாள் கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறை பார்க்க ஏற்பாடாகியிருந்தது. முதலாளி செலவில் ஜோடிக்கு ஒருவர்தான் இறங்கலாம். மாரிக்கண்ணன் இறங்குவது என்று ஊரிலேயே முடிவாகிவிட்டது. பொன்மணி படகில் துண்டோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடலுக்குள் கூட்டிப்போக வந்த செல்லப்பாண்டி, போர்ட்பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழன். மாரிக்கண்ணனை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, "மூக்கப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்கண்ணே" என்றான்.

ஊதினான். இடது காதிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது.

"காதுல என்ன?"

"வெடி டெஸ்ட் பண்றப்ப சவ்வு கிழிஞ்சுபோச்சு. அது ஆச்சு பத்து வருசம். ஒண்ணும் பண்ணாதுப்பா."

"தண்ணி உள்ள போனா தலை சுத்தி, மேல எது கீழ எதுன்னு தெரியாமப் போயிரும். நான் எறக்க மாட்டேண்ணே. அக்காவ வேணா கூட்டிட்டுப் போறேன்."

மாரிக்கண்ணன் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தான். பிறகு பொன்மணியின் முகத்தைப் பார்க்காமலே, "நீ போ" என்றான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுல்லா?"

"அவன் பாத்துக்கிடுவான். போடி."

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் அவளைப் பார்த்து ஏஜெண்டுகளின் மனைவிமார் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிலிண்டரை முதுகில் மாட்டியதும் சிரிப்பு போய்விட்டது. வாயால் மூச்சுவிட வராமல் இரண்டு முறை பதறி மேலே வந்தாள். மூன்றாம் முறை செல்லப்பாண்டி கையைப் பிடித்துக்கொண்டான். இறங்கினாள்.

முதலில் வெறும் மணல். அதைத் தாண்டிப் பாறை. முட்டைக்கோசை விரித்து வைத்தாற்போல் ஒன்று, ஆட்டுமூளைபோல் ஒன்று, நடுவில் வெளுத்துச் செத்த கிளைகள். மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அவளைச் சட்டை செய்யாமல் கடந்துபோயின. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை.

படகில் ஏறியதும் மாரிக்கண்ணன் துண்டை நீட்டினான். "எம்புட்டு ஆழம்? என்னென்ன பாத்த?"

ஒன்று விடாமல் சொன்னாள். அவனும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பிய மறுவாரம் யூனிட் திறந்தது. காலையில் வேனுக்குக் காத்து நின்ற ஆண்களிடம் மாரிக்கண்ணன், "நாங்க எறங்கிப் பாத்தோம்லே" என்று கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூடத் திரி செருகும் வேலுத்தாய் பொன்மணியின் தோளை இடித்தாள். "நெசமாவே ஒன் வீட்டுக்காரரும் எறங்குனாரா?"

"நான் தண்ணிக்குள்ள இருந்தேன். மேல யாரு, கீழ யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேன் வந்தது. பொன்மணி முந்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.