கண்ணாடி ஜாடியில் கொட்டிச்செடி

திருத்தணி மலையடிவாரத்தில் குடியிருந்த கன்னியம்மாளுக்கு அந்த வருஷம் மலேரியா முறைக்காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மூன்று மாதம் படுக்கையிலேயே போயிற்று. யுத்த காலம், கொய்னா மாத்திரை கிடைப்பதே அரிதாக இருந்தது.

அவள் கணவன் நாகேந்திரனுக்கு அரக்கோணம் ரயில்வேயில் தந்திக் கம்பி வேலை. துரை ஒருவர் தம் பங்களாவில் கண்ணாடித் தொட்டிக்குள் மீனும் செடியும் வளர்ப்பதை அவன் பார்த்திருக்கிறான். தந்தி பாட்டரிக்கு வைத்திருந்த பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று, விளிம்பு உடைந்து ஆபீஸ் மூலையில் கிடந்தது. கேட்டு வாங்கிவந்து, சாம்பல் போட்டு ஏழெட்டுத் தடவை கழுவி ஜன்னலோரம் வைத்தான்.

"படுத்துகினே பாக்கலாம், கன்னிமா."

கன்னியம்மாள் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். செடி என்றால் எரு வேண்டும் என்று நினைத்தாள். மக்கிய சாணத்தை அடியில் பரப்பச் சொல்லி, அவன் ஏரியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசியைத் தன் கையாலேயே நட்டு, கூட வந்த மீன்களையும் விட்டாள். நாலே நாளில் தண்ணீர் பழுப்பாகி நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து, ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அன்று அவள் சாப்பிடவில்லை.

"போனா போவுது. கொண்டுபோயி ஊத்திட்றேன்," என்றான் நாகேந்திரன்.

"இரு பாவா. தப்பு என்னுது. ஏரியில யாரு எரு போட்றாங்க?"

மறுபடி தொடங்கினார்கள். அடியில் ஒரு விரல்கடை ஏரிக் களிமண். அதன்மேல் நந்தியாற்று மணல், கலங்கல் போகும்வரை அலசியது. ஏரியில் இலை மிதக்கும் கொட்டிச்செடியின் கிழங்கைப் பாதி வெளியே தெரியும்படி புதைத்தாள். பின்னால் வேலம்பாசி. நாளெல்லாம் வெயில் பட்டால் கண்ணாடியெல்லாம் பச்சை படிகிறது என்று கண்டு, காலை வெயில் மட்டும் விழும் இடத்துக்கு ஜாடியை மாற்றச் சொன்னாள். பத்து நாள் பொறுத்துத்தான் மீன் விட்டாள். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மின்னும் சின்ன மீன்கள்.

காலை வெயில் பட்டதும் வேலம்பாசி நுனிகளிலிருந்து பொடிப்பொடிக் குமிழிகள் சரஞ்சரமாக மேலே ஏறும். அதைப் பார்க்க முதலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பங்குனியில் கொட்டி இலைகள் நீர்மட்டத்துக்கு வந்து படர்ந்தன. ஒரு நாள், தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு பூங்கதிர் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டை மாட்டிக்கொண்டிருந்த நாகேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று அவன் ரயிலுக்கு ஓடவேண்டியதாயிற்று.

ஆடிக் கிருத்திகைக்கு இருபது நாள் இருக்கும்போது, சுகாதார இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜாடியைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, காய்ச்சல்ல கெடந்த நீயே வூட்டுக்குள்ள கொசு வளக்கிறியா? கொட்டு மொதல்ல."

நாகேந்திரனுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. குனிந்து ஜாடியில் கை வைத்தான்.

"வாணாம் பாவா," என்று தடுத்த கன்னியம்மாள், கொல்லைக்குப் போய் மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள். அதில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. "நல்லாப் பாத்துக்கங்க ஐயா," என்று அப்படியே ஜாடிக்குள் ஊற்றினாள்.

இலைகளின் அடியிலிருந்து மீன்கள் பாய்ந்தன. இன்ஸ்பெக்டர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புழுகூட மிச்சமில்லை.

"அந்த மாட்டுத் தொட்டியக் கவுத்துடு," என்றார். மறுபடி ஜாடிக்குள் எட்டிப் பார்த்து, "இந்த மீனு எங்க கெடைக்குது?" என்று கேட்டார்.

"பொதட்டூர்பேட்டை ரோட்டு ஏரியில, ஐயா," என்றாள் கன்னியம்மாள்.

"சத்திரத்துக் குட்டையில ஒரே புழு. காவடி ஜனம் வர்றதுக்குள்ள அம்பது மீனு புடிச்சித் தர முடியுமா?"

"ஆங், தர்றேங்க."

படுக்கையில் விழுந்த பிறகு அவள் தெருமுனையைத் தாண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாகேந்திரனோடு ஏரிவரைக்கும் நடந்தாள். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று புடவைத் துணியில் இருவருமாக மீன் அரித்தார்கள்.

சத்திரத்துக் குட்டையில் மீன்களை விட்டதோடு அவள் நிற்கவில்லை. ஓரத்துச் சேற்றில் இறங்கி, நாலு கொட்டிக்கிழங்குகளை ஊன்றினாள்.

"செடி எதுக்கும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொக்கு வந்தா அதுங்க ஒளிய எடம் வாணாமா?"

அவர் சிரித்துக்கொண்டே குடையை மடக்கி வைத்துவிட்டு, அவள் கரையேறக் கை கொடுத்தார்.